மூடுல் தளத்தில் முதல் பருவம்: புதிதாக வரும் ஆசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி

கல்லூரியில் பணிக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கைக்கு வந்துவிடும். உங்கள் பாடத்தை எல்எம்எஸ்ஸில், அதாவது குறிப்புகள், ஒப்படைப்புகள், தேர்வுகள் எல்லாவற்றையும் இணையத்தில் நடத்த உதவும் கற்றல் மேலாண்மைத் தளத்தில், ஏற்றிவிடுங்கள் என்று துறைத்தலைவரிடமிருந்து ஒரு வரியும் வரும். எதை ஏற்றுவது, எந்த வரிசையில் ஏற்றுவது, ஏற்றிய பின் எதைக் கவனிப்பது என்று உட்கார்ந்து சொல்லித்தர அனேகமாக யாருக்கும் நேரம் இருப்பதில்லை. அந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்யவே இதை எழுதுகிறேன். நம் பக்கத்துக் கல்லூரிகள் பலவற்றில் பயன்பாட்டில் இருக்கும் எல்எம்எஸ் மூடுல் என்பதாலும், நான் பல பருவங்களாகப் புழங்கிவருவதும் அதுவே என்பதாலும், கீழே சொல்லப்படுபவை அனைத்தும் மூடுலைப் பற்றியவை.

மூடுல் ஒரு கட்டற்ற மென்பொருள். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரைச் சேர்ந்த மார்ட்டின் டூகியாமஸ் அதை உருவாக்கினார்; முதல் பதிப்பு 2002 ஆகஸ்டில் வெளியானது. உரிமத்துக்குப் பணம் கட்டாமல் எந்த நிறுவனமும் தன் சர்வரில் நிறுவிக்கொள்ளலாம் என்பதால் ஒரு கல்லூரியின் தளம் இன்னொன்றைப் போல இருக்காது. நிறமும் பட்டியும் மட்டுமன்றி, ஆசிரியருக்கு எந்தெந்த அனுமதிகள் உண்டு என்பதும் மாறும். மேலும், 2022 ஏப்ரலில் வந்த 4.0 பதிப்பில் பக்கத்தின் அமைப்பே மாறிவிட்டது. யூடியூபில் ஒரு விளக்கக் காணொளியைப் பார்த்துவிட்டு, அதில் காட்டிய பொத்தான் உங்கள் திரையில் இல்லையென்றால் பதற வேண்டாம். அது பழைய பதிப்புக்கான காணொளியாக இருக்கும்.

மூடுலில் ஆசிரியர்களுக்கு வரும் தொல்லைகளில் பெரும்பகுதி தெரியாமல் செய்த செயல்களால் வருவதில்லை. தானாகவே நிரப்பப்பட்டு வரும் அமைப்புகளைப் பார்க்காமல் விடுவதால் வருகிறது. ஒவ்வொரு படிவத்திலும் தேதி, வரம்பு, டிக் குறி என்று ஏதாவது ஒன்று முன்கூட்டியே நிரம்பியிருக்கும். அது யாருக்கோ பொருத்தமானது. உங்கள் வகுப்புக்குப் பொருத்தமானதா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். எந்தெந்த இடத்தில் நின்று பார்க்க வேண்டும் என்பதையே இந்தக் கட்டுரையில் அதிகமாகச் சொல்லியிருக்கிறேன்.

எதையும் ஏற்றுவதற்கு முன்

உள்ளே நுழைந்ததும் உங்கள் பாடப்பக்கத்தைத் திறந்து, வலது மேல் மூலையில் உள்ள ‘எடிட் மோட்’ பொத்தானை இயக்குங்கள். அதை இயக்கினால்தான் புதியவற்றைச் சேர்க்கவும் இருப்பவற்றைத் திருத்தவும் முடியும். ‘ஒன்றுமே மாற்ற முடியவில்லை’ என்று முதல் நாளில் வரும் புகார்களில் பெரும்பாலானவை இந்தப் பொத்தானோடு தீர்ந்துவிடும்.

அடுத்து, தள நிர்வாகியிடம் ஒரு மாதிரி மாணவர் கணக்கு கேட்டு வாங்குங்கள். உங்கள் பெயரைச் சொடுக்கினால் வரும் பட்டியலில் மாணவராக மாறிப் பார்க்கும் வசதி ஒன்று இருக்கிறது. பக்கம் எப்படித் தெரிகிறது என்று பார்க்க அது போதும். ஆனால் ஒப்படைப்பது, தேர்வு எழுதுவது, மதிப்பெண் பார்ப்பது போன்றவற்றை முழுமையாகச் சோதிக்க உண்மையான மாணவர் கணக்கு வேண்டும். அந்தக் கணக்கில் உங்கள் கைப்பேசியிலிருந்து, கல்லூரி வைஃபையை அணைத்துவிட்டு, சொந்த டேட்டாவில் நுழையுங்கள். உங்கள் மாணவர்களில் பலருக்கு மடிக்கணினி இருக்காது; நாளொன்றுக்கு ஒன்றரை ஜிபி தரும் ரீசார்ஜில்தான் பாடமும் படமும் எல்லாமும் ஓடுகின்றன. அலுவலகக் கணினியின் அகலத்திரையில் அழகாகத் தெரியும் பக்கம், ஆறங்குலத் திரையில் விரல் தேயத் தேய உருட்ட வேண்டிய பக்கமாக இருக்கக்கூடும்.

பக்கத்தை அமைத்தல்

பாட அமைப்புகளில் ‘ஃபார்மேட்’ என்ற இடத்தில் தலைப்புவாரியாகவா, வாரவாரியாகவா என்று தேர்ந்தெடுக்கலாம். பல்கலைக்கழகப் பாடத்திட்டம் ஐந்து அலகுகளாக இருக்கும் இடங்களில் தலைப்புவாரி அமைப்பே நல்லது. வாரவாரி அமைப்பு பாடத்தின் தொடக்கத் தேதியிலிருந்து தானாகவே வாரங்களைக் கணக்கிடும். இடையில் மழை விடுமுறையோ தேர்தல் விடுமுறையோ வந்தால், நீங்கள் மூன்றாம் வாரப் பாடத்தில் நிற்கும்போது பக்கம் ஐந்தாவது வாரத்தைக் காட்டிக்கொண்டிருக்கும்.

முதல் பகுதியில், அலகுகளுக்கு மேலே, மாணவர் பருவம் முழுவதும் தேடி வரும் சில செய்திகளை மட்டும் வையுங்கள்: பாடத்திட்டம், அகமதிப்பீட்டு மதிப்பெண் எப்படிப் பிரிக்கப்படுகிறது, உங்களை எப்போது எங்கே சந்திக்கலாம். வரவேற்புரை எழுத ஆசை வரும். இரண்டு வரியோடு நிறுத்துங்கள்.

கோப்புகளுக்கு வைக்கும் பெயரில் பலரும் கவனம் செலுத்துவதில்லை. ‘யூனிட் 2 ஃபைனல் நியூ’ என்ற பெயர் உங்களுக்குப் புரியும். தேர்வுக்கு முந்தைய இரவு பத்து மணிக்குப் பக்கத்தைத் திறக்கும் மாணவருக்குப் புரியாது. ‘அலகு 2: குறிப்புகள், பக்கம் 1 முதல் 14 வரை’ என்று எழுதினால் திறக்காமலேயே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

கையால் எழுதிய குறிப்புகளைக் கைப்பேசியில் ஸ்கேன் செய்து ஏற்றுவோர், அளவை ஒருமுறை பார்த்துவிட்டு ஏற்ற வேண்டும். இருபது பக்கங்களை முழுத் தெளிவில் படமெடுத்துச் சேர்த்தால் ஐம்பது, அறுபது எம்பி எளிதாக வந்துவிடும்; கறுப்பு-வெள்ளையில், குறைந்த தெளிவில் சேமித்தால் அதே குறிப்பு சில எம்பிகளுக்குள் அடங்கும். காணொளிகளை மூடுலுக்குள் ஏற்றவே கூடாது என்பது என் கருத்து. சர்வரில் இடமும் வீண், ஓடும்போது திக்கித் திணறவும் செய்யும். யூடியூபில் இணைப்பு வைத்திருப்போர் மட்டும் பார்க்கும் வகையில் ஏற்றி, அந்த இணைப்பை இங்கே தாருங்கள். மாணவரின் இணைய வேகத்துக்கு ஏற்பத் தெளிவைக் கூட்டிக் குறைத்துக்கொள்ள யூடியூபுக்குத் தெரியும்.

தமிழில் பாடம் நடத்துவோருக்குத் தனியாக ஒரு சொல். ஒருங்குறியையும் (யூனிகோட்) டேஸ் 16 குறிமுறையையும் தமிழ்நாடு அரசு 2010-இல் ஏற்ற பின்னும், பழைய பாமினி, வானவில் எழுத்துருக்களில் தட்டிய குறிப்புகள் துறைகளில் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. அவற்றை பிடிஎஃப் ஆக மாற்றி ஏற்றினால் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். ஆனால் அதில் ஒரு சொல்லைத் தேட முடியாது, பார்வைக் குறைபாடுள்ள மாணவரின் திரைவாசிப்பான் அதைப் படிக்காது. அதே உரையை மூடுலின் பெட்டியில் ஒட்டினாலோ ஆங்கில எழுத்துகளின் குவியலாகத்தான் வரும். எழுத்துரு மாற்றி ஒன்றின் வழியாக ஒருங்குறிக்குக் கொண்டுவந்து, ஒருமுறை மெய்ப்புப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள். சில மணி நேர வேலைதான். அடுத்த பத்துப் பருவங்களுக்கு உதவும்.

அறிவிப்புகள்

புதிய பாடம் உருவானதும் ‘அனௌன்ஸ்மென்ட்ஸ்’ என்ற மன்றம் தானாகவே வந்திருக்கும். அதில் ஆசிரியர் மட்டுமே எழுத முடியும். எழுதியது பாடத்தில் உள்ள அனைவருக்கும் மின்னஞ்சலாகப் போகும். ஆனால் உடனே போகாது. எழுதியதைத் திருத்திக்கொள்ள, வழக்கமான அமைப்பில் அரை மணி நேரம் அவகாசம் தந்த பிறகே அனுப்பும். ‘இன்று பத்து மணி வகுப்பு இல்லை’ என்று ஒன்பதேமுக்காலுக்கு எழுதினால் மின்னஞ்சல் போய்ச் சேரும்போது மாணவர் வகுப்பறையில் உட்கார்ந்திருப்பார். அவசரச் செய்திகளுக்குத் தாமதமின்றி அனுப்பும் டிக் குறி அதே படிவத்தின் கீழ்ப்பகுதியில் இருக்கிறது.

எல்லாரும் வாட்சப்பில்தானே இருக்கிறார்கள், இது எதற்கு என்ற கேள்வி வரும். வாட்சப்பை விட வேண்டாம். ஆனால் தேதி, மதிப்பெண், பாடப்பகுதி தொடர்பான எதையும் முதலில் மூடுலில் எழுதிவிட்டு, அதன் இணைப்பை மட்டும் குழுவில் போடுங்கள். ‘நீங்கள் வியாழன் என்றீர்கள்’, ‘இல்லை, வெள்ளி என்றேன்’ என்ற வழக்கு வரும்போது, எண்ணூறு வாழ்த்துச் செய்திகளுக்கு இடையில் சாட்சி தேட வேண்டியிருக்காது.

ஒப்படைப்புகள்

அசைன்மென்ட் என்று நாம் சொல்லும் ஒப்படைப்பைச் சேர்ப்பது எளிது. பெயர், விளக்கம், சேமி என்று மூன்றே செயலில் முடிந்துவிடும். அந்த எளிமையில்தான் வினை இருக்கிறது. சேமிக்கும் முன் நான்கு இடங்களைப் பாருங்கள்.

முதலாவது, தேதி. கெடு தேதியாக ஏழு நாள் கழித்து, நேரம் 00:00 என்று தானாக நிரம்பியிருக்கும். வெள்ளிக்கிழமை 00:00 என்றால் வெள்ளி தொடங்கும் நொடி, அதாவது வியாழன் நள்ளிரவு. மாணவர் கண்ணில் படுவதோ வெள்ளிக்கிழமை என்ற சொல் மட்டும். என் முதல் பருவத்தில் இதைக் கவனிக்காமல் விட்டேன். வெள்ளி மாலை பெரும்பாதி வகுப்பு தாமதம் என்று சிவப்பில் தெரிந்தது, சனிக்கிழமை முழுதும் ஒவ்வொருவருக்கும் விளக்கம் சொல்லியே கழிந்தது. அன்றிலிருந்து 23:55 என்றே வைக்கிறேன். தாமதமாக வருவதைத் தளம் ஏற்காமலே மூட வேண்டுமென்றால், கெடு தேதி மட்டும் போதாது. அது தாமதம் என்று குறிக்குமே தவிர வாங்க மறுக்காது. ‘கட்-ஆஃப் டேட்’ என்பதை இயக்கினால்தான் கதவு மூடும். என் பழக்கம், கெடுவுக்கு இரண்டு நாள் கழித்து அதை வைப்பது. மருத்துவமனையில் இருந்த மாணவருக்கு மட்டும் கூடுதல் நாள் தர வேண்டுமானால், மதிப்பிடும் பட்டியலில் அவர் பெயருக்கு நேராக நீட்டிப்பு வழங்கும் வசதி இருக்கிறது. எல்லாருக்குமாகத் தேதியைத் தள்ள வேண்டியதில்லை.

இரண்டாவது, வரைவு. மாணவர் தனியாகச் ‘சப்மிட்’ பொத்தானை அழுத்த வேண்டும் என்ற அமைப்பு ‘ஆம்’ என்று இருந்தால், அவர் கோப்பை ஏற்றிச் சேமித்த பின்னும் அது வரைவாகவே கிடக்கும். அவரோ ஒப்படைத்துவிட்டதாக நினைத்துத் தூங்கப் போயிருப்பார். முதலாண்டு மாணவர்களுக்கு இதை ‘இல்லை’ என்று வைப்பதே நல்லது. ‘ஆம்’ என்று வைக்க வேண்டிய தேவை இருந்தால், பச்சை நிறத்தில் ஒப்படைக்கப்பட்டது என்று வரும் வரை பக்கத்தை மூடக் கூடாது என்று வகுப்பில் திரையில் காட்டிச் சொல்லுங்கள்.

மூன்றாவது, கோப்பு வகையும் அளவும். எதையும் ஏற்கலாம் என்று விட்டுவிட்டால் தலைகீழாக எடுத்த ஒளிப்படங்கள் பதினாறு, பெயரில்லாத வேர்டு கோப்பு ஒன்று என்று வந்து சேரும். பிடிஎஃப் மட்டும், ஒரே கோப்பு, ஐந்து எம்பிக்குள் என்று வரையறுத்துவிடுங்கள். கூடவே, கைப்பேசியில் படங்களை ஒரே பிடிஎஃப் ஆக மாற்றுவது எப்படி என்று நான்கு வரி விளக்கமும் தந்துவிடுங்கள். பிடிஎஃப் ஆக இருந்தால், பெரும்பாலான தளங்களில் அதன் மேலேயே சிவப்பு மையில் திருத்துவது போலக் கோடு போடவும் குறிப்பு எழுதவும் முடியும்.

நான்காவது, மதிப்பெண் எப்போது தெரிய வேண்டும் என்பது. நீங்கள் ஒவ்வொன்றாகத் திருத்தத் திருத்த மதிப்பெண் அந்தந்த மாணவருக்குப் போய்விடும். அறுபது தாள்களில் இருபது முடித்திருக்கும்போதே மீதி நாற்பது பேரும் கேட்கத் தொடங்குவார்கள். முப்பதாவது தாளில், முதல் பத்துப் பேருக்குக் கொஞ்சம் கடுமையாகப் போட்டுவிட்டோமோ என்று தோன்றினால் திருத்தவும் சங்கடம். ‘மார்க்கிங் வொர்க்ஃப்ளோ’ என்பதை இயக்கினால், எல்லாம் முடித்து நீங்கள் வெளியிடும் வரை எதுவும் போகாது.

வினாடி வினா

ஆசிரியருக்கு அதிக நேரத்தை மிச்சப்படுத்துவதும், சரியாக அமைக்காவிட்டால் அதிகத் தலைவலி தருவதும் இதுவே. தொடங்கும்போதே ஒன்றை ஒப்புக்கொள்வோம்: வீட்டிலிருந்து எழுதும் இணையத் தேர்வு, தேர்வறை ஆகாது. பக்கத்தில் யார் இருக்கிறார், கையில் என்ன இருக்கிறது என்பது நமக்குத் தெரியாது. அதனால் இதற்குச் சிறு மதிப்பெண் தந்து, அலகு முடிந்ததும் படித்ததைச் சரிபார்க்கும் பயிற்சியாக நடத்துவதே என் வழக்கம்.

வினாக்களை நேரடியாகத் தேர்வுக்குள் எழுதாமல், வினா வங்கியில் அலகு வாரியாகப் பிரிவுகள் அமைத்து அவற்றில் எழுதுங்கள். ஓர் அலகுக்கு முப்பது வினாக்கள் சேர்ந்துவிட்டால், அவற்றிலிருந்து ஆளுக்குப் பத்து என்று தளமே குலுக்கி எடுத்துத் தரும். அருகருகே உட்கார்ந்திருக்கும் இருவருக்கும் ஒரே தாள் வராது. முதல் பருவத்தில் முப்பது எழுதுவது பெரிய வேலைதான். துறையில் அதே தாள் நடத்தும் இருவர் மூவர் பகிர்ந்துகொண்டால் ஒரு மாலையில் முடிந்துவிடும்.

ஏற்கெனவே தட்டி வைத்த கொள்குறி வினாக்கள் கையில் இருந்தால், ஒவ்வொன்றாகப் படிவத்தில் நிரப்ப வேண்டியதில்லை. ‘ஏகென்’ என்ற எளிய வடிவம் இருக்கிறது. சாதாரண நோட்பேடு கோப்பில் வினா முழுவதும் ஒரே வரி. அடுத்தடுத்த வரிகளில் விடைகள். கடைசி வரியில் சரியான விடையின் எழுத்து. இங்கே தமிழாசிரியர்கள் எல்லாரும் இடறும் ஒரு கல் உண்டு. நம் வினாத்தாள்களில் விடைகளை அ, ஆ, இ, ஈ என்று எண்ணிடுவது மரபு. ஏகென் வடிவத்துக்கு அது புரியாது. ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் ஏ, பி, சி, டி என்று போட்டு, புள்ளி வைத்து, இடைவெளி விட்டு விடையை எழுத வேண்டும். கடைசி வரியில் வரும் ‘ஆன்சர்’ என்ற சொல்லும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளிலேயே, முக்காற்புள்ளியுடன் இருக்க வேண்டும். கோப்பைச் சேமிக்கும்போது குறியாக்கம் யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுக்கவில்லை என்றால் தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாக மாறிவிடும். முதலில் இரண்டே வினாக்களை ஏற்றிப் பார்த்துவிட்டு, சரியாக வந்தால் மீதியை ஏற்றுங்கள்.

விடைகளின் வரிசையைக் கலைத்துக் காட்டும் வசதி தானாகவே இயங்கிக்கொண்டிருக்கும். நல்ல வசதிதான், ஆனால் நம் வினாத்தாள்களில் ‘மேற்கண்ட அனைத்தும்’, ‘அ மற்றும் இ சரி’ போன்ற விடைகள் நிறைய வரும். வரிசை கலைந்தால் ‘மேற்கண்ட அனைத்தும்’ முதல் விடையாக வந்து நிற்கும். அதற்கு மேலே கண்டது வினா மட்டும்தான். அத்தகைய வினாக்களுக்கு மட்டும், வினாவின் படிவத்திலேயே கலைத்தலை நிறுத்திவிடலாம். அல்லது ‘இவை அனைத்தும்’ என்று மாற்றி எழுதிவிடலாம்.

ஒரு சொல்லில் விடையளிக்கும் வினாக்களில் தமிழுக்கே உரிய சிக்கல்கள் உண்டு. திருக்குறளின் முதல் அதிகாரம் எது என்று கேட்டு, ‘கடவுள் வாழ்த்து’ என்பதை மட்டும் விடையாகத் தந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் இடைவெளி இல்லாமல் ‘கடவுள்வாழ்த்து’ என்று தட்டுவார். ஒருவர் பழக்கத்தில் முற்றுப்புள்ளி வைப்பார். ஒருவர் ‘கடவுள் வாழ்த்து அதிகாரம்’ என்று முழுமையாக எழுதுவார். மூவருக்கும் சுழியம்தான். விடைக்கான இடத்தில் ‘கடவுள்*வாழ்த்து*’ என்று உடுக்குறி சேர்த்து எழுதினால், உடுக்குறி நிற்கும் இடத்தில் எது வந்தாலும், எதுவுமே வராவிட்டாலும் தளம் ஏற்றுக்கொள்ளும். ‘ஔவையார்’ என்பது விடையாக வரும் இடங்களில் இன்னொரு கண் வேண்டும். ‘ஔ’ என்ற ஓரெழுத்தைத் தட்டாமல் ‘ஒ’, ‘ள’ என்று இரண்டாகத் தட்டுவோர் உண்டு. திரையில் இரண்டும் ஒன்று போலவே தெரியும், கணினிக்கு அவை வெவ்வேறு சொற்கள். ‘அவ்வையார்’ என்று எழுதுவோரும் உண்டு. மூன்றையுமே தனித்தனி விடைகளாகக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் நூறு சதவீதம் என்று வையுங்கள். ஒற்று மிகும், மிகாது என்ற இடங்களிலும் இதே கதைதான். இலக்கணத் தேர்வாக இருந்தாலன்றி இரண்டையும் ஏற்பதே நியாயம். தேர்வு முடிந்த பிறகு விடுபட்ட வடிவம் ஒன்று கண்ணில் பட்டாலும், அதை விடைகளில் சேர்த்துவிட்டு மறுமதிப்பீட்டுப் பொத்தானை அழுத்தினால் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் திருத்தப்படும்.

அடுத்து நேரம். தேர்வு திறக்கும் நேரம், மூடும் நேரம், எழுதுவதற்கான கால அளவு ஆகிய மூன்றும் தனித்தனி. பத்து மணிக்குத் திறந்து பத்தரைக்கு மூடி, கால அளவும் முப்பது நிமிடம் என்று வைத்தால், இணையம் கிடைக்காமல் பத்து பத்துக்கு நுழைந்தவருக்கு இருபது நிமிடமே கிடைக்கும். மூடும் நேரம் வந்ததும், கால அளவில் மீதி இருந்தாலும் தேர்வு முடிந்துவிடும். அதே சமயம், எல்லாரும் பத்து மணி அடித்த நொடியில் நுழைந்தால் சிறிய சர்வர்கள் மூச்சுத் திணறும். முப்பது நிமிடத் தேர்வுக்கு ஒன்றரை மணி நேரமாவது வாசலைத் திறந்து வைத்தால் இரண்டும் தீரும்.

மின்சாரம் போனால் என்ன ஆகும் என்று மாணவர்கள் கட்டாயம் கேட்பார்கள். எழுதிக்கொண்டிருக்கும் விடைகளைத் தளம் வழக்கமாக நிமிடத்துக்கு ஒருமுறை தானே சேமித்துக்கொள்ளும். திரும்ப வந்து நுழைந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆனால் கடிகாரம் நிற்காது. ஒருவர் பதினைந்து நிமிடத்தை இழந்துவிட்டார் என்றால், ‘ஓவர்ரைட்ஸ்’ பகுதியில் அவர் பெயருக்கு மட்டும் கூடுதல் நேரமோ இன்னொரு வாய்ப்போ தரலாம். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கும், எழுதக் கூடுதல் நேரம் உரிமையாகப் பெற்றவர்களுக்கும் இதே இடத்தில் தேர்வுக்கு முந்தைய நாளே அமைத்துவிட வேண்டும். அவர்களாக வந்து கேட்க வைக்கக் கூடாது.

கடைசியாக, பலரும் திறந்தே பார்க்காத ‘ரிவ்யூ ஆப்ஷன்ஸ்’. முடித்த உடனே எதைக் காட்டுவது, தேர்வு இன்னும் திறந்திருக்கும்போது எதைக் காட்டுவது, மூடிய பிறகு எதைக் காட்டுவது என்று தனித்தனிப் பத்திகளில் டிக் குறிகள் இருக்கும். முடித்த உடனே சரியான விடைகளையும் காட்டும்படியாகத்தான் பெரும்பாலும் வரும். அப்படியே விட்டால், பத்து மணிக்கு நுழைந்து பத்தே காலுக்கு முடித்தவரின் திரையில் சரியான விடைகள் அத்தனையும் வரிசையாக நிற்கும். பத்தரைக்கு வகுப்புக் குழுவிலும் அவை நிற்கும். மூடிய பிறகு என்ற பத்தியில் மட்டும் சரியான விடைக்கு டிக் வைத்து, மற்ற இடங்களில் எடுத்துவிடுங்கள். முடித்த உடனே மதிப்பெண்ணை மட்டும் காட்டினால் தவறில்லை.

மதிப்பெண் ஏடு

ஒப்படைப்பும் தேர்வும் சேர்க்கச் சேர்க்க, அவற்றின் மதிப்பெண்கள் ஓர் ஏட்டில் தாமாகவே வந்து நிரம்பும். அதன் மொத்தத்தை அப்படியே எடுத்து அகமதிப்பீட்டுப் பட்டியலில் எழுதிவிடக் கூடாது. காரணம், காலியான கட்டங்கள்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். பத்துப் பத்து மதிப்பெண்ணுக்கு மூன்று ஒப்படைப்புகள். ஒரு மாணவர் முதலாவதில் 9 வாங்கினார். மற்ற இரண்டையும் ஒப்படைக்கவே இல்லை. நம் கணக்கில் அவருக்கு 30-க்கு 9, அதாவது 30 சதவீதம். மூடுலோ, காலியான கட்டங்களைக் கணக்கில் சேர்க்காமல் விட்டு, 10-க்கு 9 என்று பார்த்து 90 சதவீதம் என்று காட்டும். மூன்றையும் ஒழுங்காக ஒப்படைத்து 24 வாங்கியவருக்கு 80 சதவீதம். வேலை செய்யாதவர் மேலே, செய்தவர் கீழே. பருவத்தின் நடுவில், இன்னும் நடக்காத தேர்வுகளுக்காக யாருக்கும் மதிப்பெண் குறையக் கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு இது. அந்த நேரத்துக்கு அது சரியே. ஆனால் பருவம் முடியும்போது, ஒப்படைக்காதவற்றுக்கு எல்லாம் சுழியம் இட்டாக வேண்டும். ஒவ்வொரு கட்டமாகத் தட்ட வேண்டியதில்லை. ‘சிங்கிள் வியூ’ பக்கத்தில் ஒரு ஒப்படைப்பைத் தேர்ந்தெடுத்து, அதன் காலியான கட்டங்கள் அனைத்திலும் ஒரே நேரத்தில் 0 இடும் வசதி இருக்கிறது.

மூன்று தேர்வுகளில் சிறந்த இரண்டு என்ற முறை நம் கல்லூரிகளில் பரவலாக உண்டு. மூன்றையும் ஒரு பிரிவில் இட்டு, மிகக் குறைந்த ஒன்றை விட்டுவிடு என்று அமைக்கலாம். மூன்றுக்கும் உச்ச மதிப்பெண் ஒன்றாக இருக்க வேண்டும். இதிலும் சுழியம் இட்ட பிறகே மொத்தத்தை நம்புங்கள்; ஒரு தேர்வுக்கு வராமல் கட்டம் காலியாக இருப்பவருக்கு, எழுதிய இரண்டில் ஒன்றை விட்டுவிட்டுக் கணக்கிட்டுவிடும்.

வகுப்பில் ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்து, அவர்களின் மொத்தத்தைக் காகிதத்தில் கையால் கூட்டி ஏட்டோடு ஒப்பிடுங்கள். ஐவரில் ஒருவராவது ஏதேனும் ஒன்றை ஒப்படைக்காதவராக இருக்கட்டும். ஐந்தும் பொருந்தினால் அமைப்பு சரி என்று ஓரளவு நம்பலாம்.

பருவம் முடிந்ததும்

மதிப்பெண் ஏட்டை எக்செல் கோப்பாக இறக்கிக்கொள்ளுங்கள். பிறகு பாடத்தை ‘பேக்கப்’ எடுத்து, அந்தக் கோப்பையும் உங்கள் கணினியில் வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் கணக்கில் எடுக்கும் பேக்கப்பில் வழக்கமாக மாணவர் விவரங்கள் வராது, உங்கள் பாடப்பொருளும் அமைப்புகளும் மட்டுமே வரும் என்பதால் மதிப்பெண்ணைத் தனியாக எடுப்பது கட்டாயம். பல்கலைக்கழக முடிவுகள் வெளிவந்து, மறுமதிப்பீட்டுக்கான காலமும் கழியும் வரை பழைய பாடத்தில் எதையும் அழிக்கவோ ‘ரீசெட்’ செய்யவோ வேண்டாம். தவறுதலாக எதையாவது அழித்துவிட்டால் பாடத்தின் மறுசுழற்சித் தொட்டியில் தேடுங்கள். வழக்கமான அமைப்பில் ஏழு நாள் வரை அங்கே இருக்கும், அதற்குப் பிறகு நிர்வாகியாலும் எளிதில் மீட்க முடியாது.

அடுத்த ஆண்டு அதே தாள் வரும்போது, புதிய பாடப்பக்கத்தில் பழையதிலிருந்து ‘இம்போர்ட்’ செய்தால் குறிப்புகள், ஒப்படைப்புகள், வினாக்கள் எல்லாம் வந்துவிடும். தேதிகளும் கூடவே வரும். புதிய மாணவர்களைச் சேர்க்கும் முன், ஒவ்வொரு ஒப்படைப்பையும் ஒவ்வொரு தேர்வையும் திறந்து தேதியை மாற்றுங்கள். அதுவரை அவற்றை மறைத்தே வைத்திருங்கள். மாற்றி முடித்ததும், பருவத் தொடக்கத்தில் வாங்கி வைத்த அந்த மாதிரி மாணவர் கணக்கில், கைப்பேசியிலிருந்து ஒருமுறை நுழைந்து பார்த்துவிட்டுப் பாடத்தைத் திறந்துவிடுங்கள்.